ரயில் கணக்கில் நீளத்தை எப்போது கூட்ட வேண்டும்? உதவுங்கள்

நெல்லைத் தேர்வர்:
வணக்கம். ரயில்வே வேலைக்கான ஆர்.ஆர்.பி. என்.டி.பி.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயிலில் ஒருவர் ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறார். எதிரே மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் அவரை 4 நொடியில் கடக்கிறது. எதிர் ரயிலின் நீளம் என்ன?"

இரண்டு ரயில் வந்தால் இரண்டு நீளத்தையும் கூட்டு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் அவர் போகும் ரயிலின் நீளமே கொடுக்கவில்லையே?

கணக்குப் பிரியன்:
தம்பி, அந்த நீளம் தேவையே இல்லை. ரயில் கடப்பது அவரை மட்டும்தான், அவர் உட்கார்ந்திருக்கும் ரயிலை அல்ல. ஜன்னலோரம் இருப்பவர் ஒரு புள்ளி. எதிர் ரயிலின் இன்ஜின் அவர் கண்ணெதிரே வந்ததிலிருந்து கடைசிப் பெட்டி விலகும் வரைதான் அந்த 4 நொடி.

எதிரெதிர் திசை என்பதால் 54 + 36 = 90. மணிக்கு கி.மீ.யை நொடிக்கு மீட்டராக மாற்ற, அதை 5/18ஆல் பெருக்கினால் நொடிக்கு 25 மீட்டர். 25 × 4 = 100 மீட்டர்.

இப்போது அவருடைய ரயில் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ரயில்கள் ஒன்றையொன்று முழுமையாகக் கடக்க" என்று கேட்டால்தான் 150 + 100. 250ஐ 25ஆல் வகுத்தால் 10 நொடி. இதையே ஒரே திசையில் போட்டுப் பாருங்கள்.

நெல்லைத் தேர்வர்:
54 − 36 = 18, அதாவது நொடிக்கு 5 மீட்டர். முழுதாக முந்த 50 நொடி. வேகமான ரயிலில் இருப்பவர் மற்ற ரயிலைத் தாண்ட 20 நொடி. மெதுவான ரயிலில் இருப்பவரை வேகமான ரயில் கடக்க 30 நொடி. அட, இரண்டையும் கூட்டினால் அதே 50 வருகிறதே அண்ணா!

கணக்குப் பிரியன்:
அதேதான்! விடையைச் சரிபார்க்கவும் அது உதவும். விருப்பங்களில் 10, 20, 30, 50 நான்கையுமே வைத்திருப்பார்கள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். அதனால் கேள்வியின் கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள்.

தென்காசி அக்கா:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கி.மீ.யிலேயே கூட்டியோ கழித்தோ முடித்துவிட்டு, கடைசியில் ஒரே முறை மீட்டருக்கு மாற்றுங்கள். 18க்கு 5, 36க்கு 10, 54க்கு 15, 72க்கு 20, 90க்கு 25. இவை மனதில் இருந்தால் நேரம் மிச்சம்.

நெல்லைத் தேர்வர்:
நன்றி அக்கா. ஒரு பேருந்து காலை 6 மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும், அடுத்தது அதே இடத்திலிருந்து 8 மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் ஒரே திசையில் கிளம்பினால், இரண்டாவது முதலாவதை எப்போது பிடிக்கும்?

தென்காசி அக்கா:
இங்கே நீளம் என்ற பேச்சே கிடையாது, இடைவெளிதான். 8 மணிக்கு முதல் பேருந்து 80 கி.மீ. முன்னால் இருக்கும். மணிக்கு 20 கி.மீ. வீதம் அந்த இடைவெளி குறையும், ஆக 4 மணி நேரம். பகல் 12 மணிக்குப் பிடித்துவிடும். 40 × 6, 60 × 4 இரண்டுமே 240 கி.மீ., சரியாக இருக்கிறது.