'றெஸ்பொன்சிவ்' கட்டடத்துக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கொழும்பின் தொடர்மாடிக் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களுக்காக மும்மொழியிலும் வெளிவரும் சிறு கைந்நூல் ஒன்றின் தமிழ்ப் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. தலைப்புச் சொல் மட்டும் அமையவில்லை. ஆங்கில மூலம் கட்டடத்தைச் சுற்றாடல், சமூகம் என்ற இரண்டு அடைமொழிகளோடு 'றெஸ்பொன்சிவ்' (responsive) என்கிறது. தான் நிற்கும் இடத்தின் வெயிலையும் காற்றையும் மழையையும், தன்னுள் வாழப்போகிறவர்களின் வாழ்முறையையும் முதலில் அறிந்து, அவற்றுக்கு விடையாக வடிவம் பெறும் கட்டடம் என்பது அங்கே அதன் பொருள்.

'எதிர்வினை' என்று எழுதிப் பார்த்தேன். இன்றைய செய்தித்தாள் வழக்கில் அச்சொல் கண்டனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'சூழல்நேயம்' என்றால் மக்கள் விடுபட்டுப் போகிறார்கள். கல்வி உளவியலில் 'தூண்டல், துலங்கல்' என்று படித்தோம். ஆனால் 'துலங்கு கட்டடம்' என்று வாசிப்பவர் புதிதாக வெள்ளையடித்த கட்டடத்தையே நினைப்பார். நமது உயிரியற் பாடநூல்களின் 'இசைவாக்கம்' சற்று நெருங்கி வருகிறது. எனினும் அது உயிரினத்தில் தலைமுறை தலைமுறையாகத் தானே நிகழ்வது, கட்டடமோ ஒருவர் இருந்து எண்ணி வரைவது. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பாளன், வெள்ளவத்தை

*

அன்புள்ள தம்பிக்கு,

இச்சொல்லைத் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர், வேனிற் பள்ளியறைக்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரம் கூதிர்காலத்தில் தாழிட்டுக் கிடப்பதைக் காட்டுகிறார். அச்சாளரத்தை 'நேர்வாய்க் கட்டளை' என்கிறார். காற்று எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று அறிந்த வீடு அது. அதே பாட்டில், 'நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு', திசை பார்த்து மனை வகுக்கிறார்கள். சிலப்பதிகாரம் 'மான்கட் காலதர்' என்று பேசுகிறது. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'யன்னல்' என்ற சொல்லை எத்தனை முறை உச்சரித்தாலும் அதில் காற்று வீசுவதில்லை. காலதரிலோ பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது.

அதற்கும் முன்னே தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவையும் தொழிலையும் கருப்பொருளில் வைத்தார். நிலமும் பொழுதும் சுற்றாடல் என்றால், உணவும் தொழிலும் சமூகம் அல்லவா? ஆங்கில மூலம் இரண்டு அடைமொழிகள் இட்டுச் சொல்வதை நம் பொருளிலக்கணம் ஒரே சட்டகத்தில் அடக்கியிருக்கிறது. எனவே 'இடனறி கட்டடம்' என்று முன்மொழிகிறேன். காலமறிதலும் இடனறிதலும் குறளில் அடுத்தடுத்த அதிகாரங்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன். மேலும் இது வினைத்தொகை: இடனை அறிந்த, அறிகின்ற, அறியும் கட்டடம் என முக்காலமும் அதில் அடங்கும். கட்டி முடித்த நாளோடு அறிதல் முடிந்துவிடாத கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான புணர்ப்பு எது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியன், கொட்டாஞ்சேனை

*

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கும் குழுவினருக்கும்,

ஐயாவின் மடலை இருமுறை வாசித்தேன். தென்றலுக்குத் தனிச் சாளரம் வைத்த அந்த வீட்டை வரைந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் குறளின் இடனறிதல் போர்க்களத்தின் இடம் அறிதல்; யானை சேற்றில் கால் புதைந்தால் நரி கொல்லும் என்பது அங்கே வரும் எடுத்துக்காட்டு. அதைவிட முக்கியமான தடை வேறு. நேற்று மாலை எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டில் அயலவர் ஆறு பேரிடம் 'இடனறி கட்டடம்' என்று சொல்லிப் பார்த்தேன். முகவரி கண்டுபிடிப்பதைப் பற்றியதா என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் மௌனமாக இருந்தார்கள். 'காற்றோட்டம்' என்றதும் ஆறு பேரும் தத்தம் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கைந்நூல் அவர்களுக்குத்தான்.

அவர்கள் பேசியது எல்லாம் கட்டடக்கலையே. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. நண்பகல் வெயில் கூரையில் விழுகிறது. காலையும் மாலையும் தாழ்ந்து வரும் வெயிலோ கிழக்கு மேற்குச் சுவர்களைச் சுடுகிறது. எனவே நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருந்தால் வீடு குளிரும். இங்கே காற்றில் ஈரம் மிகுதி. நிழல் மட்டும் போதாது, உடலின் மேல் காற்று அசைந்தால்தான் வியர்வை உலரும். அதற்கு எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வேண்டும். ஒரு பக்கம் சாளரமும் நடைபாதைப் பக்கம் கதவும் மட்டும் உள்ள தொடர்மாடி வீட்டில் கதவை அடைத்தவுடன் காற்று நின்றுவிடுகிறது. திறந்து வைத்தால் வீட்டின் அந்தரங்கம் போய்விடுகிறது. சுற்றாடலையும் சமூகத்தையும் பிரிக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு கதவே போதும்.

கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, குடியேறவிருந்த குடும்பங்களிடம் அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்து, அதற்கேற்பப் பல வகை வீடுகளை அமைத்தார். இன்னொரு கட்டடக் கலைஞரான ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, ஒடுங்கிய நகரக் காணியில் நடுமுற்றத்தை நோக்கித் திரும்பி நின்றது. முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய எங்கள் நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி விளங்கும். இவ்விரண்டுக்கும் பொதுவாக எனக்குத் தோன்றுவது 'இசைதல்'. ஆனால் அதைத் தொகையாக்க வேண்டாம். 'இசை கட்டடம்' என்று எழுதினால் யாராவது வல்லினத்தை மிகுவித்துப் பாட்டுக் கச்சேரி மண்டபமாக்கிவிடுவார்கள். 'சூழலுக்கும் மக்களுக்கும் இசைந்த கட்டடம்' என்று விரித்தே எழுதலாம். கலைச்சொல் ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.

கட்டட வரைஞர், தெமட்டகொடை

*

அன்புள்ள குழுவினருக்கு,

நேற்றிரவு வரை வந்த மடல்களில் ஐவர் 'இசைந்த' என்பதற்கும், இருவர் 'இடனறி' என்பதற்கும் ஆதரவு தந்திருக்கிறார்கள். 'ஒட்சிசன்' போல 'றெஸ்பொன்சிவ்' என்றே எழுதலாம் என்றார் இன்னொருவர். ஒட்சிசன் ஒரு பொருளின் பெயர், இது ஒரு கருத்து என்பதால் எனக்கு அது ஒப்பவில்லை. கட்டடமா கட்டிடமா என்று சென்னை நண்பர் தொடங்கிய வழக்கைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இலங்கையில் அச்சாகும் நூலில் கட்டடமே இருக்கும்.

தலைப்பு 'சூழலுக்கும் மக்களுக்கும் இசைந்த கட்டடம்' என்றே போகிறது. நீளம்தான், ஆயினும் முதல் வாசிப்பிலேயே விளங்குகிறது, மக்களையும் விடவில்லை. ஆசிரியர் ஐயாவின் சொல்லொன்றை நூலுக்குள் கொண்டுவராமல் இருக்க மனம் வரவில்லை. கதவுக்கு மேலே விடப்படும் காற்றுத் துளைகளைக் காட்டும் படத்தில் 'காலதர்: காற்று வரும் வழி' என்று எழுதியிருக்கிறேன். படத்தோடு சேர்ந்து வரும்போது பழஞ்சொல் தானே விளங்கும் என்று நம்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளன், வெள்ளவத்தை

*

அன்புள்ள தம்பிக்கு,

பெரும்பான்மையை ஏற்கிறேன், அச்சு நிற்க வேண்டாம். என் மறுப்பை மட்டும் குழுவின் ஏட்டில் பதிந்து வைக்கிறேன். இசைதல் என்றால் உடன்படுதலும் ஆகும். கேளாமலே உடன்பட வைக்கப்பட்டவரையும் 'இசைந்தார்' என்றே சொல்கிறோம். வட்டப்புலுவவில் நடந்தது கேட்டல். கட்டட வரைஞர் தந்த அந்த எடுத்துக்காட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே அவர் தெரிந்தெடுத்த சொல் அதற்குக் குறைவாக எனக்குப் படுகிறது. கேட்டல், அறிதல் என்ற இரண்டில் ஒன்றாவது தலைப்பில் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பு வந்தால் இம்மடலை மீண்டும் அனுப்புவேன்.

காலதரைச் சேர்த்ததற்கு நன்றி. அதை அச்சகத்தார் 'காலத்தர்' என்று ஆக்கிவிடாமல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை