புதுப்பிப்பு: பக்கத்துத் தோட்டத்து லில்லியும் எங்கள் பூனையும்

மதில் தாண்டிப் போகும் எங்கள் பூனை, பக்கத்து வீட்டு லில்லிச் செடிகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறது, இது ஆபத்தா என்று முன்பு கேட்டிருந்தேன். கடித்துத் தின்றால்தான் ஆபத்து என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கால்நடை மருத்துவர் அதை ஏற்கவில்லை. இலை, தண்டு, பூ, மகரந்தம் அனைத்தும் பூனைக்கு நஞ்சு என்றும், உரோமத்தில் ஒட்டிய செம்மஞ்சள் தூளை நக்கித் துடைத்தாலே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும் என்றும் விளக்கினார். வாந்தியும் சோர்வும் சில மணி நேரத்தில் தொடங்கி, இடையில் தேறியதுபோலத் தோன்றிவிட்டு, ஓரிரு நாளில் நிலைமை முற்றிவிடுவதால், அறிகுறிக்காகக் காத்திராமல் 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டுமாம்.

பீஸ் லில்லி, பெயரில் மட்டுமே லில்லி. அது வாயை எரித்து எச்சில் வடியச் செய்யுமே தவிர சிறுநீரகத்தைத் தாக்காது.

விவரம் சொன்னதும் பக்கத்து வீட்டு அம்மா முகம் சுளிக்காமல் லில்லித் தொட்டிகளை மூடிய பால்கனிக்கு மாற்றிவிட்டார். வேலியோர அரளி அப்படியே இருக்கிறது. அது இதயத்தைப் பாதிக்கும் செடி என்பதால், கத்தரித்த கிளைகளைத் தரையில் போட்டுவைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பூனை வீடு திரும்பியதும் முகத்தையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம்; அதற்கு அது காட்டும் கோபம் தனிக்கதை.