அப்பாவுக்கு இது மனச்சோர்வா, நோயின் அசதியா?

குழுவில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளியோடு கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். இதய அறுவை சிகிச்சை முடிந்து அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், காயம் ஆறுகிறது, ரிப்போர்ட் எல்லாம் சரி என்கிறார்கள், ஆனால் மனுஷர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், பேப்பரை நீட்டினால் மடிப்பைக்கூடப் பிரிக்காமல் தலையணைக்கு அடியில் செருகிவிடுகிறார். ரவுண்ட்ஸில் சொன்னால் "ஆபரேஷன் ஆனவருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளைப் பார்த்தேன். தூக்கம், பசி, அசதி பற்றியெல்லாம் கேட்கிறது. படுக்கையில் கிடக்கும் யாருக்குத்தான் அது இல்லை? 1983-இல் வந்த ஹேட்ஸ் என்ற 14 கேள்வித் தாள் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறதாம். அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி நாமாகக் கேட்கலாமா? (டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்றும் இருக்கிறது.)

இன்னொரு பயம், டெலிரியம், அதாவது உடம்பு சரியில்லாதபோது திடீரென்று வரும் மனக்குழப்பம். கத்திக் கலாட்டா செய்தால்தான் டெலிரியம் என்றில்லை, சத்தமில்லாமல் மந்தமாகக் கிடப்பதும் அதில் ஒரு வகை, அதை மனச்சோர்வு என்று தப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டாம். பகலில் தெளிவாகப் பேசுகிறவர் சாயந்திரமானால் இது எந்த இடம் என்று கேட்கிறார். இதை முதலில் யாரிடம் சொல்வது, மனநல மருத்துவரை வார்டுக்கே வரவழைக்க முடியுமா? அப்புறம், அப்பாவிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்றும் எழுதுங்கள்.