புதுப்பிப்பு: அம்மாவின் சுண்டுவிரல் ஓரப் புடைப்பு, வலி அடங்கிவிட்டது

சுண்டுவிரலுக்கு அடியில் பாதத்தின் வெளியோரம் புடைத்துச் சிவந்து, அம்மா நொண்டுகிறார் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சுண்டுவிரலோடு சேரும் ஐந்தாவது பாத எலும்பின் தலைப்பகுதி வெளியே துருத்தி நிற்கிறது. உரசலில் அதன் மேல்தோல் தடித்து வீங்கியிருக்கிறது. கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவக் கூடாது என்றார் எலும்பு மருத்துவர்.

முன்பக்கம் அகன்ற செருப்பு ஓரளவு உதவியது. உண்மையில் கைகொடுத்தது, 'அவர் உட்காரும் விதத்தைப் பாருங்கள்' என்று ஒருவர் எழுதிய ஒற்றை வரிதான். அம்மா மாட்டுத்தாவணியில் உதிரி மல்லிகை வாங்கி வீட்டில் தொடுப்பவர். சிமென்ட் தரையில் சம்மணமிட்டால் பாதத்தின் அந்த முனைதான் தரையில் அழுந்துகிறது. அந்தக் காலத்துத் தையற்காரர்களுக்கும் இப்படித்தான் வந்ததாம். இப்போது முக்காலியில் அமர்ந்து, மடியில் முறம் வைத்துத் தொடுக்கிறார். வேகம் போய்விட்டதென்று என்னைத்தான் திட்டுகிறார்.

எதிர்பாராதது, உரசாமல் இருக்கப் புடைப்பின் மேல் மாட்டிய சிலிகான் உறை. மதுரை வெயிலில் உள்ளே வியர்த்துத் தோல் ஊறிப்போனது, கழற்றிவிட்டோம்.

புடைப்பு அப்படியேதான் இருக்கிறது. வலி இல்லாததால் அறுவை சிகிச்சை தேவையில்லை என்றார் மருத்துவர். சர்க்கரை நோயாளிகள் மட்டும், அங்கே தோல் உடைந்தால் உடனே காட்டிவிடுங்கள்.