மூன்று பல்கலைக்கழகங்களையும் நேரில் பார்த்த பிறகும் மகளால் முடிவெடுக்க இயலவில்லை

கேள்வி: லண்டன் ஹரோவிலிருந்து ஒரு தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு ஏ லெவல் பரீட்சை எழுதுகிறாள். கணிதம், உயர் கணிதம், பௌதிகவியல் ஆகியவை அவளுடைய பாடங்கள். செப்டெம்பரில் இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம். பிரித்தானியப் பல்கலைக்கழக அனுமதிகளைக் கையாளும் யூகாஸ் வழியாக விண்ணப்பித்த ஐந்து இடங்களில் ஒன்று மறுத்துவிட்டது, இன்னொன்றை அவளே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். மிஞ்சியிருப்பவை ஷெஃபீல்ட், லஃப்பரோ, லண்டனிலேயே உள்ள குயீன் மேரி ஆகிய மூன்றும். முதல் இரண்டும் மூன்று ஏ கேட்கின்றன. குயீன் மேரி இரண்டு ஏயும் ஒரு பியும் போதும் என்கிறது. ஜூன் முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். கம்பசைப் போய்ப் பார்த்துவிட்டுத் தெரிவுசெய்வது என்ற பேச்சே எங்கள் காலத்தில் இருக்கவில்லை. விருப்ப வரிசையை எழுதிக் கொடுத்தோம். எங்கள் புள்ளிக்கு மானியங்கள் ஆணைக்குழு எந்தப் பீடத்தைத் தந்ததோ, அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். சரசவி உயன ஸ்டேஷனில் இறங்கிய அன்றுதான் அந்த இடத்தை முதன்முதலாகக் கண்டேன். ஆகவே இந்த விடயத்தில் மகளுக்குச் சொல்ல என்னிடம் அனுபவம் ஒன்றும் இல்லை.

ஷெஃபீல்டுக்குப் போன நாளில் நல்ல வெயில். டயமண்ட் என்னும் பொறியியல் கட்டடத்தின் ஆய்வுகூடங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். லஃப்பரோவுக்குப் போன நாளிலோ விடாத மழை. ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து வளாகத்தை அடைவதற்குள் இருவரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். ஆனாலும், இடையில் ஓராண்டு நிறுவனமொன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்த மாணவர்கள் அங்கே பேசிய விதம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. குயீன் மேரிக்குத் தாயுடன் போனாள். அந்த வளாகத்துக்கு உள்ளேயே யூதர்களின் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. அதைக் கண்டு என் மனைவிக்குச் சிறிது மனச்சங்கடம். மகளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

இப்போது கேட்டால் ஒரு நாள் ஷெஃபீல்ட் என்கிறாள், மறுநாள் லஃப்பரோ என்கிறாள், அழுத்திக் கேட்டால் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். வீட்டிலிருந்து போய்வரலாம், செலவும் குறையும் என்பதால் என் மனைவி குயீன் மேரியை விரும்புகிறார். உண்மையைச் சொன்னால் என் உள்மனதிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் இன்னும் வாய் திறக்கவில்லை. நாங்கள் எதில் உதவலாம், எதில் பேசாமல் இருக்க வேண்டும்?

பதில் 1: லெஸ்டரிலிருந்து, இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய ஒரு தாய்

அண்ணா, மூன்றில் எது என்று நீங்கள் கேட்கிறீர்கள். யூகாஸ் கேட்பதோ இரண்டு பதில்களை: முதல் தெரிவாகிய ஃபேர்ம் ஒன்று, அது தவறினால் கைகொடுக்க வேண்டிய இன்சூரன்ஸ் ஒன்று. மூன்றாவதை விட்டுவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முதலாவதைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்துவிட்டு, இரண்டாவதைக் கடைசி இரவில் ஏதோ ஒரு பெயரைப் போட்டு நிரப்புகிறார்கள். எங்கள் வீட்டிலும் மூத்தவனுக்கு அப்படித்தான் நடந்தது.

உங்கள் மகள் ஷெஃபீல்டை ஃபேர்ம் ஆகவும் லஃப்பரோவை இன்சூரன்ஸ் ஆகவும் வைத்தால், இரண்டும் மூன்று ஏ கேட்பதால், ஒரு பாடத்தில் பி வந்தாலே இரண்டும் ஒன்றாகக் கைநழுவக்கூடும். சில வேளைகளில் பல்கலைக்கழகங்கள் சிறிது விட்டுக்கொடுத்து எடுப்பதுண்டு என்றாலும், அதை நம்பித் திட்டமிட முடியாது. பள்ளிக்கூடம் தரும் கணிப்புப் பெறுபேறுகள் பெரும்பாலும் உண்மையான பெறுபேறுகளை விடச் சற்று உயர்வாகவே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆகவே அவளுக்கு இருக்கும் ஒரே உண்மையான பாதுகாப்பு குயீன் மேரிதான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபேர்ம் தவறி, இன்சூரன்ஸ் நிபந்தனை நிறைவேறினால், அந்த இடம் ஆகஸ்டில் தானாகவே அவளுக்கு உறுதியாகிவிடும். அதை விரும்பாவிட்டால் தானே மறுத்துவிட்டு, மிஞ்சிய இடங்களை நிரப்பும் கிளியரிங் வழியாக வேறு இடம் தேட வேண்டும். எனவே "அங்கே போக நேர்ந்தால் நீ மனமொப்பிப் போவாயா?" என்று இப்போதே கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை விட, பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

விடுதி விதிகளையும் மூன்று பல்கலைக்கழகங்களின் இணையத்தளங்களிலும் வாசித்துவிடுங்கள். ஃபேர்ம் ஆகத் தெரிவுசெய்து, குறித்த திகதிக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே முதலாண்டு அறை உறுதி என்று பல இடங்களில் விதி உண்டு.

பதில் 2: டார்பியில் பணிபுரியும் பொறியியலாளர்

வணக்கம் ஐயா. இடம் தர முன்வந்த மாணவர்களைப் பல்கலைக்கழகம் வரவழைக்கும் அழைப்பு நாட்களில் காட்டப்படுவதைக் கொண்டு படிப்பை எடைபோடுவது கடினம். அன்று கதவுகளெல்லாம் திறந்திருக்கும், இயந்திரங்களெல்லாம் இயங்கும், நன்றாகப் பேசத் தெரிந்த மாணவர்களே வழிகாட்டிகளாக நிற்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகூடத்தில் முதலாண்டு மாணவி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிற்பாள் என்பதை அன்று யாரும் தாமாகச் சொல்வதில்லை. மகளே மூன்று துறைகளுக்கும் மின்னஞ்சல் எழுதி இதைக் கேட்கட்டும். கூடவே முதலிரண்டு ஆண்டுகளின் பாடப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், திண்மப் பொருள்களின் இயக்கவியல், கணிதம் என்று அடித்தளம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. எழுத்துப் பரீட்சைக்கு எவ்வளவு, வடிவமைப்புத் திட்டங்களுக்கு எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு தெரியும்.

அவளுக்குக் கிடைத்திருப்பது மூன்றாண்டு பிஇங் பட்டமா, நான்காண்டு எம்இங் பட்டமா என்று நீங்கள் எழுதவில்லை. சார்ட்டர்ட் எஞ்சினியர், அதாவது தொழில்துறை அங்கீகாரம் பெற்ற பொறியியலாளர் ஆவதற்கு வேண்டிய கல்வித் தகுதியை அங்கீகாரம் பெற்ற எம்இங் முழுமையாக நிறைவுசெய்கிறது. பிஇங் மட்டும் படித்தால் அதற்குமேல் கற்க வேண்டியிருக்கும். எம்இங் நான்கு ஆண்டுகளுக்கும் இளநிலைப் படிப்புக்கான கடனே கிடைக்கும். பிஇங் முடித்துத் தனியாக எம்எஸ்ஸி படிப்பவர்கள் முதுநிலைக் கடன் என்ற வேறொரு வாசலில் போய் நிற்க வேண்டும்.

இடையில் நிறுவனமொன்றில் வேலை செய்யும் தொழிலக ஆண்டு லஃப்பரோவில் வலுவான மரபுதான். ஆனால் அது அங்கே மட்டும் இருக்கிறது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. மற்ற இரண்டிலும் அந்த வசதி எப்படி இருக்கிறது, வேலைக்கு இடம் தேடும்போது துறை எந்த அளவுக்கு உதவும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த ஓராண்டுக்கு முழுக் கட்டணம் வாங்க முடியாது. அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது 2025-26இல் 1,905 பவுண்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025-26இல் மூன்று இடங்களிலும் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்தான். அதில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் வாழ்க்கைச் செலவுக் கடன், வீட்டிலிருந்து படித்தால் அதிகபட்சம் 8,877 பவுண், லண்டனுக்கு வெளியே தங்கிப் படித்தால் 10,544 பவுண். குடும்ப வருமானம் 25,000 பவுணைத் தாண்டத் தாண்ட இது குறையும். இங்கே பெற்றோர் பலர் கடன் தொகையைப் பார்த்து மிரள்கிறார்கள். திருப்பிச் செலுத்துவதோ 25,000 பவுணுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 9 சதவீதம் மட்டுமே. 32,000 பவுண் சம்பளம் வாங்கினால் ஆண்டுக்கு 630 பவுண், மாதத்துக்கு ஐம்பத்திரண்டரைப் பவுண். நாற்பது ஆண்டுகளில் தீராவிட்டால் மீதி தள்ளுபடியாகிவிடும். பெற்றோர் உண்மையில் கணக்குப் பார்க்க வேண்டியது, விடுதி வாடகைக்கும் அவளுக்குக் கிடைக்கும் கடனுக்கும் இடையில் வரும் துண்டு எவ்வளவு, அதை உங்களால் மாதாமாதம் கொடுக்க முடியுமா என்பதைத்தான். அந்தத் தொகையை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவு அவளுடையது என்று சொல்லிவிட்டுக் காசுக் கணக்கை மட்டும் நம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது நியாயமல்ல.

பதில் 3: வீட்டிலிருந்தே படிக்கும் இறுதியாண்டு மாணவி, லண்டன்

அங்கிள், மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்து போய்வருகிறேன் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஹரோவில் மெட்ரோபொலிட்டன் லைன் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி, மைல் எண்டில் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். லண்டன் போக்குவரத்துக்கான மாணவர் ஒய்ஸ்டர் அட்டைக்கு மாதாந்தப் பயணச் சீட்டில் 30 சதவீதக் கழிவு உண்டு. பயணம் எனக்குப் பெரிய துன்பமாக இருக்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு நடப்பதில் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டதுதான் இழப்பு. குழுவாகச் செய்ய வேண்டிய வேலைகளை மற்றவர்கள் இரவு ஒன்பது மணிக்கு விடுதியில் கூடி முடித்துவிடுவார்கள். நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பேன். மறுபக்கம், பரீட்சைக் காலத்தில் அம்மாவின் சோறும் என் அறையின் அமைதியும் எனக்குத் துணையாக இருந்தன என்பதையும் மறைக்கமாட்டேன்.

ஒரு வேண்டுகோள். வெயில் நாளையும் மழை நாளையும் ஒப்பிட்டு அவள் முடிவெடுப்பது சரியாக இருக்காது. நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு வார நாளில், நீங்கள் கூடப் போகாமல், அவளையே ரயிலில் அனுப்புங்கள். இரண்டு ஊர்களுக்கும் செயின்ட் பங்க்ராஸிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. நூலகத்துக்கு வெளியே நிற்பவர்களிடம் பேசட்டும், பொருள் வாங்கும் கடை எவ்வளவு தூரம் என்று நடந்து பார்க்கட்டும். அப்பா பக்கத்தில் நின்றால் நாங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்கிறதா இல்லையா என்று சொல்வோம். அவள் உங்களிடமே கேள்வியைத் திருப்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மீண்டும், ஹரோவிலிருந்து

மூவருக்கும் நன்றி. இரண்டு கிழமைகளாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

கடைசிப் பதிலை வாசித்த அன்றிரவு மகளிடம் என் எண்ணத்தைச் சொல்லிவிட்டேன்: வீட்டிலிருந்து படித்தால் எனக்கு நிம்மதி, ஆனால் அது என்னுடைய நிம்மதி. விடுதிக்கு மாதம் இவ்வளவுதான் எங்களால் தர முடியும் என்று தொகையையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அது தனக்கு எப்போதோ தெரியும் என்றாள். நான் வாய் திறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், முகம் பேசியிருக்கிறது.

பிறகு இரண்டு ஊர்களுக்கும் தனியாகப் போய்வந்தாள். லஃப்பரோவில் இம்முறை வெயில் என்பதால் முன்பை விட நன்றாகவே இருந்ததாம். ஆனால் ஒரே வளாகத்துக்குள் எல்லாம் அடங்கியிருப்பது மற்றவர்களுக்கு வசதியாகத் தோன்றினாலும் தனக்குச் சிறிது மூச்சுமுட்டியது என்றாள். ஷெஃபீல்டில் மழை. ஸ்டேஷனிலிருந்து மேடேறி நடந்து, நனைந்த காலணியோடு நூலகத்தில் இரண்டு மணி நேரம் தன் பௌதிகவியல் பாடத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். தொழிலக ஆண்டு பற்றி எழுதிக் கேட்டதில், அங்கும் அது உண்டு, இடத்தை மாணவர்களே தேட வேண்டும், துறை துணை செய்யும் என்று பதில் வந்தது. அவளுடைய விண்ணப்பம் எம்இங்தான் என்பதையும் பார்த்து உறுதிசெய்துகொண்டோம்.

ஃபேர்ம் ஷெஃபீல்ட், இன்சூரன்ஸ் குயீன் மேரி என்று நேற்றுப் பதிந்துவிட்டாள். லெஸ்டர் சகோதரி சொன்ன கேள்வியைக் கேட்டபோது, உடனே "போவேன், ஆனால் இரண்டாம் ஆண்டில் வீட்டை விட்டு வெளியே தங்குவேன்" என்றாள். என் மனைவி அதன் முதல் பாதியை மட்டும் கேட்டதாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

கடன் விண்ணப்பத்துக்கு இடம் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, பின்னர் மாறினால் திருத்திக்கொள்ளலாம் என்பதால் அதையும் தொடங்கிவிட்டாள். பெற்றோர் இருவரும் வருமான விபரத்தைத் தனியாகப் பதிய வேண்டுமாம்; இன்றிரவு அதற்குத்தான் உட்காருகிறோம்.