ஃபெதர் டஸ்டர் புழு விசிறியை உதிர்த்துவிட்டது: காப்பாற்ற முடியுமா?

அலைத்தொட்டி:
வணக்கம். என்னுடைய 150 லிட்டர் உப்புநீர்த் தொட்டி தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. மூன்று வாரங்களுக்கு முன் அதில் விட்ட ஃபெதர் டஸ்டர் புழு (தானே கட்டிய குழாய்க்குள் வாழ்ந்து, இறகு போன்ற விசிறியை வெளியே விரிக்கும் கடற்புழு), பழுப்பும் வெள்ளையுமாக வரியோடிய விசிறியை நன்றாக விரித்து நின்றது. நேற்றுக் காலை அந்த விசிறி முழுவதுமாகக் கழன்று மணலில் கிடந்தது. குழாயின் வாயும் சுருங்கி மூடியிருக்கிறது. வெப்பநிலை 25 டிகிரி, உப்படர்த்தி 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. மீன்களுக்குப் போடும் குருணையைத் தவிர இதற்கென்று தனியாக எதுவும் கொடுக்கவில்லை. புழு இறந்துவிட்டதா? குழாயை வெட்டிப் பார்க்கலாமா?

பவளத்திட்டு:
தயவுசெய்து வெட்டாதீர்கள். இடமாற்றம், உப்படர்த்தியில் திடீர் மாற்றம், மற்ற உயிரினங்களின் தொல்லை, பட்டினி என எது நேர்ந்தாலும் இப்புழுக்கள் விசிறியைத் தாமே கழற்றிவிட்டுக் குழாய்க்குள் ஒடுங்கிக்கொள்ளும்; உடம்பில் தெம்பு இருந்தால் சில வாரங்களில் புதியது முளைத்துவிடும். இறந்திருந்தால் குழாய் தொய்ந்து அழுகல் வாடை வீசும். அப்போது தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். இந்த அளவுத் தொட்டியில் அம்மோனியா விரைவில் ஏறிவிடும். கழன்று கிடக்கும் விசிறியை இன்றே அகற்றிவிடுவது நல்லது.

நுண்பாசி:
நீங்கள் கொடுத்த அளவுகளில் எனக்குக் குறை தெரியவில்லை, குறை உணவில்தான். அந்த விசிறி இப்புழுவுக்கு மூச்சுவிடும் உறுப்பு மட்டுமன்று, இரை பிடிக்கும் வலையும் அதுவே. அதிலுள்ள நுண்மயிர்கள் நீரை இழுத்து, சிக்கும் துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கின்றன: மிக நுண்ணியவை வாய்க்குப் போகின்றன, சற்றுப் பெரியவை கோழையுடன் குழைந்து குழாய் கட்டப் பயன்படுகின்றன, மிஞ்சியவை ஒதுக்கப்படுகின்றன. ஆகவே மீன் குருணை இதற்கு உணவாகாது. நான்கு மாதத் தொட்டியின் கண்ணாடி போன்ற தெளிவைப் பார்த்து நாம் பெருமைப்படுவோம். புழுவோ அதில் பட்டினி கிடக்கும்.

விசிறி முளைக்கும்வரை எதுவும் ஊற்ற வேண்டாம். பிடிக்க வலையில்லாதபோது கொடுக்கும் உணவு நைட்ரேட்டாகத்தான் மாறும். முளைத்த பிறகு, நானோகுளோரோப்சிஸ் போன்ற உயிருள்ள நுண்பாசியை வாரம் மூன்று முறை, சிறிதளவு கொடுங்கள். அப்போது ஸ்கிம்மரை (நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியை) அரை மணி நேரம் நிறுத்திவைத்து, நீரோட்டத்தை மட்டும் மிதமாக ஓடவிடுங்கள். பிப்பெட்டால் விசிறியின் மேலேயே பீய்ச்சினால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு சாண் தள்ளி, நீர் வரும் பக்கத்தில் விடுங்கள்.

நான் வளர்த்த முதல் புழு மூன்று முறை விசிறியை மாற்றியது. ஒவ்வொரு முறையும் புதியது முளைத்ததைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, முன்னதைவிடச் சிறுத்து வந்ததைக் கவனிக்கவில்லை. உடம்பைக் கரைத்தே அது விசிறி கட்டியிருக்கிறது.

கல்லிடுக்கு:
உணவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால், தொட்டியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லையே! வண்ணத்துப்பூச்சி மீனோ அம்பு நண்டோ இருந்தால் எத்தனை ஊட்டினாலும் நிலைக்காது. மீன்களுக்குத் தாமிரம் கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு. குழாயின் அடிப்பகுதி மணலிலோ கல் இடுக்கிலோ ஆடாமல் நிற்க வேண்டும்.

அலைத்தொட்டி:
அம்பு நண்டு ஒன்று இருந்தது. அன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பதினெட்டாம் நாளான இன்று, குழாயின் வாயில் கட்டைவிரல் நகத்தளவுக்கு வெளிறிய விசிறி எட்டிப் பார்க்கிறது. என் கை நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது. இன்றே நுண்பாசியைத் தொடங்கலாமா?

நுண்பாசி:
தொடங்கலாம், பாதி அளவில். வாரம் ஒரு முறை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து, விசிறியின் அகலத்தைக் குழாயின் அகலத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். நைட்ரேட் ஏறாமல், விசிறியும் விரிந்துகொண்டே வந்தால் முழு அளவுக்குப் போகலாம்.