இருட்டுக் காட்சி கட்டம் கட்டமாகத் தெரிகிறது, ப்ளூ-ரே எடுக்கலாமா?

கல்லடி_ரசிகன்:
வீட்டுக்கு 55 அங்குல 4கே டிவி எடுத்திருக்கிறோம், ஃபைபர் லைனும் இருக்கு, வேகமும் நல்லாத்தான் காட்டுது. நெட்ஃபிளிக்ஸில் பார்க்கும்போது பகல் காட்சி எல்லாம் நல்ல வடிவு. ஆனால் இரவுக் காட்சி வந்தால் கறுப்பு நிறம் சாம்பல் திட்டுத் திட்டாகப் பிரிந்து, ஆள் அசையும்போது பின்னால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கனடாவில் இருக்கிற அண்ணா லீவில் வருகிறார், ப்ளூ-ரே (டிவிடியை விடத் தெளிவான பட டிஸ்க்) பிளேயரும் கொஞ்சம் டிஸ்க்கும் கொண்டு வரவா என்று கேட்கிறார். உண்மையில் வித்தியாசம் தெரியுமா, இல்லாட்டி வீண் செலவா?

கல்முனை_நானா:
தம்பி, நல்லாவே தெரியும். உங்கட லைனில் பிழை இருக்கிற மாதிரித் தெரியவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்கக் கேட்கிறதே 15 எம்பிபிஎஸ்தான் (ஒரு வினாடிக்கு வருகிற டேட்டாவின் அளவு), உங்களுக்கு 100 வந்தாலும் அதற்காக அவங்க கூட்டி அனுப்பப் போறதில்லை. அந்தக் கணக்கில் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று ஏறக்குறைய 17 ஜிபிக்குள் அடங்கிவிடும். 4கே ப்ளூ-ரே டிஸ்க்கின் கொள்ளளவு 50, 66 அல்லது 100 ஜிபி, வேகம் 128 எம்பிபிஎஸ் வரை போகலாம். 2006இல் வந்த சாதாரண ப்ளூ-ரேயிலேயே வீடியோவுக்கு 40 வரை இடம் இருக்கு.

சுருக்கும்போது கண்ணுக்கு எடுபடாது என்று நினைக்கிறதைத்தான் முதலில் வெட்டுவாங்க, இருட்டுக்குள் இருக்கிற மெல்லிய நிற வேறுபாடு அதில்தான் போகுது. மழை, புகை, தண்ணீர் அலை எல்லாத்துக்கும் இதே கதிதான், ஒவ்வொரு ஃபிரேமும் மாறிக்கொண்டே இருக்கிறதால் 15க்குள் அடக்குறது கஷ்டம். லைட்டை அணைச்சுப் போட்டு ஒரே படத்தை இரண்டிலும் பாருங்க, கறுப்புச் சட்டையின் மடிப்பு டிஸ்க்கில் தெரியும், ஸ்ட்ரீமிங்கில் (நெட் வழியாகப் பார்க்கிறதில்) அது ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டு நிற்கும்.

அதுக்கு முதல் உங்கட நெட்ஃபிளிக்ஸ் பிளானைப் பாருங்க. 4கே வருவது உயர்ந்த பிளானில் மட்டும்தான்.

மட்டுநகர்_வாசி:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கு. தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்கில் வருவது மிகக் குறைவு, பிளேயரை வாங்கி வைத்துக்கொண்டு எதைப் போட்டுப் பார்க்கிறது? சாம்சங் 2019இலேயே புதிய பிளேயர் செய்வதை விட்டுட்டாங்க. வீட்டில் பெரும்பாலும் தமிழ்ப் படமும் சீரியலும்தான் என்றால் அந்தக் காசுக்கு நல்ல சவுண்ட்பார் எடுங்க. கடற்கரைப் பக்க வீடு என்றால் உப்புக் காற்றையும் ஈரத்தையும் யோசிக்க வேணும், மாரியில் டிஸ்க் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.

கல்முனை_நானா:
பூஞ்சணத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொதியும் போதும் தம்பி. ஆனால் சவுண்ட் என்று வந்தால் டிஸ்க்கை விடவே கூடாது. ஸ்ட்ரீமிங்கில் வருகிற அட்மோஸும் (சுற்றிவர, மேலிருந்தும் கேட்கிற டால்பி ஒலி) சுருக்கின ஒலிதான், டிஸ்க்கில் டால்பி ட்ரூஎச்டி ஒன்றும் இழக்காமல் வரும். டிவி ஸ்பீக்கரில் அது விளங்காது, நல்ல செட் இருந்தால் இடி இடிக்கிற இடத்திலேயே விளங்கிவிடும். அடுத்தது, ஒப்பந்தம் முடிந்தால் படம் ஆப்பிலிருந்து காணாமல் போய்விடும். விரும்பின படத்தை நான் கையில் வைத்திருக்க வேணும் என்று நினைக்கிற ஆள்.

கல்லடி_ரசிகன்:
பிளானைப் பார்த்தேன், 4கே பிளான்தான். வீட்டில் ஆங்கிலப் படமும் நிறையப் பார்க்கிறோம், அதனால் எடுக்கத்தான் யோசிக்கிறேன். கனடா டிஸ்க் இங்கே இலங்கையில் ஓடுமா?

அக்கரைப்பற்று_எலெக்ட்ரிக்:
4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு (ஒரு பகுதி நாடுகளின் டிஸ்க்கை வேறு பகுதிப் பிளேயரில் ஓட விடாத தடை) இல்லை. சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கு, கனடா ஏ, இந்தியா சி. அங்கே வாங்குகிற பிளேயர் ஏ டிஸ்க்கை ஓட்டும், சென்னையில் வாங்குகிற சி டிஸ்க்கை மறுக்கலாம். அதைவிட முக்கியம் கரண்ட், அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளேயரின் பின்பக்க ஸ்டிக்கரில் 100-240 என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும், 120 மட்டும் என்றால் நேரே செருகினீங்களோ எரிந்துவிடும். டிஸ்க் போடுகிற பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) வீட்டில் இருந்தால் பிளேயரே தேவையில்லை, அதில் 4கே டிஸ்க் ஓடும், பிஎஸ்4இல் ஓடாது. அண்ணாவிடம் “4கே பிளேயர்” என்று அழுத்திச் சொல்லுங்க, வெறும் ப்ளூ-ரே பிளேயர் 4கே டிஸ்க்கை எடுக்காது.